தன் நலிவைத் தானே உரைக்கும் யந்திரம்

வீதி முனையில் நிற்கும் கண்காணிப்புக் காமிராவிலும், இல்லத்தின் மூலையில் மினுங்கும் இணைய ரௌட்டரிலும், மோட்டார் வாகனத்தின் முன்பலகைத் திரையிலும் லினக்ஸ் மென்பொருளைத் தாங்கிய சிறு கணினியொன்று அல்லும் பகலும் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதை நம்மிற் பலர் அறியோம். அதன் வெப்பநிலை, நினைவகத்தின் தேய்மானம், ஓடும் நிரல்களின் நிலை ஆகியவற்றை இடைவிடாது சோதித்து, பழுது நேருமுன் உரியவருக்கு அறிவிக்கும் மேற்பார்வை மென்பொருள், தயாரிப்பாளர் மனமுவந்து அளிக்கும் உபகாரமன்று. விலை கொடுத்தவருக்கு அவர் ஆற்ற வேண்டிய கடமை.

இக்கடமை தவறினால் விளைவது யாதென்பதை அமெரிக்கா பிரத்தியட்சமாகக் கண்டது. 2021 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம், அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் வற்புறுத்தலால், ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் திரைக் கணினியில் இருந்த 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம், எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்ந்து, ஐந்தாறு ஆண்டுகளில் செயலற்றுப் போகக்கூடியதாயிருந்தது. அது போனால் பின்புறக் காமிராவின் காட்சியும் போயிற்று. இத்தேய்வு இடிபோல் திடீரென விழுவதன்று, நாள்தோறும் கணிக்கத்தக்கது. இ.எம்.எம்.சி. 5.0 தரத்தின்படி அமைந்த ஃபிளாஷ் நினைவகச் சிப், தன் ஆயுளில் எவ்வளவு கழிந்தது என்பதைப் பத்துப் பத்து சதவீதப் படிகளாகத் தானே குறித்துவைக்கிறது. அக்குறிப்பை வாசித்து எடுத்துரைக்க ஒரு சிறு நிரல் போதும்.

மாறாக, செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜெனுயிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரை நோக்குக. லினக்ஸில் இயங்கிய அதன் கணினி, 2021 ஏப்ரல் 9-ஆம் நாள் சுழற்சிச் சோதனையின்போது பறத்தல் நிலைக்கு உரிய காலத்தில் மாறாதிருக்க, ‘வாட்ச்டாக்’ எனப்படும் காவல் கடிகாரம் குறுக்கிட்டுச் சோதனையை நிறுத்திவிட்டது. கலத்துக்குச் சேதமில்லை, காரணம் ஆராயப்பட்டது, ஏப்ரல் 19-இல் அது முதன்முறை பறந்தது. ஐந்தே பறத்தல்களுக்கென உத்தேசிக்கப்பட்ட அக்கலம், 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

மேற்பார்வையும் மிதமாக அமைதல் அவசியம் என்பதை மறுப்பதற்கில்லை. ஓயாது குறிப்பெழுதும் நிரலே நினைவகத்தைத் தேய்த்துவிடுமாதலால், வழக்கமான அளவீடுகளைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மாறுதல் கண்டபோது மட்டும் நிலையாகப் பதிவதே முறை. அங்ஙனம் சேரும் விவரமும் முதலில் உடைமையாளரையே சேர வேண்டும்.

பாதுகாப்புத் திருத்தங்களை எத்தனை காலம் அளிப்பர் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்று 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டன் சட்டத்தால் விதித்திருக்கிறது. நம் அரசுகளும் நகராட்சிகளும் அதனினும் ஒருபடி மேலே சென்று, தன் தேக நிலையைத் தானே அறிவிக்க இயலாத சாதனத்தை ஏலோம் என்று ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதுமாக. கடையில் நின்று பொருள் தேரும் வாசகரும், விலையைக் கேட்குமுன் இதைக் கேட்பாராக.