வரைபடம் சொன்ன 54

2020 ஆகஸ்ட். கல்லூரியெல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்ட நேரம். மொரப்பூரில் எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, பாப்பாவுக்குப் பத்து மணிக்குக் கிளாஸு. ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் வாத்தியார் மூஞ்சி அப்படியே நின்னு போயிடுது. கேபிள்காரரைக் கேட்டா லைன் நல்லாத்தான் இருக்கு, உங்க ரவுட்டர்தான் பழசுங்கறாரு. 1,800 ரூபா குடுத்துப் புதுசு மாட்டியாச்சு. அப்பவும் அதே கதைதான். நீ கம்ப்யூட்டர் வேலை பாக்கறியே, என்னான்னு வந்து பாரேன்."

கேபிள்காரருக்கு போன் போட்டேன். நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை. "அண்ணா, படத்தைப் பாருங்க. தர்மபுரியிலேர்ந்து நமக்கு வர்ற லைன் ஆயிரம் மெகாபிட். அதுல அம்பத்துநாலுதான் ஓடுது. மீதி சும்மா கிடக்குது. அப்புறம் எப்படி லைன் மேல குத்தம் சொல்ல முடியும்?" என்றார்.

அவர் சொன்ன அந்த வரைபடத்தை 2014-ல் அமைத்துக் கொடுத்தவன் நான். அக்காவுக்கு அது தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் அவருடைய கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். அங்கே ஒரு ஸ்விட்ச் பெட்டி. தன் வழியாகப் போகிற ஒவ்வொரு பைட்டையும் அது எண்ணிக்கொண்டே இருக்கும். என் நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு வாங்கி டேட்டாபேஸில் ஒரு கட்டத்தில் எழுதும். புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்து, 300 வினாடியால் வகுத்துப் படம் வரையும். லேப்டாப்பைச் செருகி, பத்தே வினாடி இடைவெளியில் இரண்டு முறை எண்ணைக் கேட்டேன். வித்தியாசம் 121 கோடி பைட். பைட்டுக்கு எட்டு பிட். அப்படியானால் வினாடிக்கு 970 மெகாபிட். லைன் கழுத்துவரை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதே நிமிடத்தில் பக்கத்துத் திரையில் என் வரைபடம் 54 என்று காட்டிக்கொண்டிருந்தது.

அரிசிக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கேரளத்து அம்பலப்புழை கோயிலின் பால் பாயசத்துக்குச் சொல்லப்படும் கதை நம் பக்கமும் பழக்கம்தான். சதுரங்கத்தில் ராஜாவை ஜெயித்தவர், முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு நான்கு என்று இரட்டித்துக் கேட்டார். பலகையில் 64 கட்டம். முதல் 32 கட்டத்தோடு நிறுத்தினால் மொத்த அரிசி 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. கிராமுக்கு நாற்பது அரிசி என்று வைத்தால் ஏறக்குறைய 107 டன். நம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற சரக்கு ரயிலில் இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அந்த ஸ்விட்ச் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்த எண் இந்தப் பாதிப் பலகைதான். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் அதே 429 கோடிச் சொச்சம். அதற்கு மேல் ஒரு பைட் வந்தாலும் அந்த எண்ணி (கவுன்ட்டர்) மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பழைய அம்பாசடர் காரில் கிலோமீட்டர் 99999 ஆனதும் 00000 ஆகுமே, அதே மாதிரி. ஈபி மீட்டர் சுற்றி வந்துவிட்டால் கணக்கெடுப்பவர் ஒரு சுற்றைச் சேர்த்துக்கொள்வார். என் நிரலும் அதைச் செய்தது. புதிய எண் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் ஒரு சுற்று முடிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு சுற்று.

ஆயிரம் மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் அந்த எண்ணி 34 வினாடியில் ஒரு சுற்றை முடித்துவிடும். அன்றைக்கு ஓடிய 970-க்கு, ஐந்து நிமிடத்தில் எட்டு முழுச் சுற்று. ஒன்பதாவதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எட்டுச் சுற்றும் எந்தத் தடயமும் இல்லாமல் காற்றில் போயின. அந்தப் பாதிக்கு வந்த மதிப்புதான் 54. ஒரு சுற்று என்பது ஐந்து நிமிடச் சராசரியில் 114 மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆகவே ஊரே சேர்ந்து பார்த்தாலும், யார் என்ன செய்தாலும், என் படம் 115-ஐத் தொடவே முடியாது. மாதக்கணக்கில் அந்தக் கோடு ஒரு கூரைக்கு அடியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூரையை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஐந்து நிமிடம் என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது? 1990-களின் நடுவில் தோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர், தான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் லைனில் என்ன ஓடுகிறது என்று பார்க்க எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரலை எழுதினார். உலகம் முழுக்க நெட்வொர்க் வேலை பார்த்தவர்கள் அதைத்தான் முதலில் கற்றார்கள். அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் கேட்கும். 64 கிலோபிட் லைனில் பாதிப் பலகை நிரம்ப ஆறு நாளுக்கு மேல் ஆகும். அவருக்கு ஐந்து நிமிடம் தாராளம். 10 மெகாபிட்டில் 57 நிமிடம், அதுவும் சரி. 100 மெகாபிட்டில் ஐந்தே முக்கால் நிமிடம், மயிரிழையில் தப்பலாம். அதற்கு மேல் தப்ப வழியில்லை. இது ரகசியமும் இல்லை. 1990-களிலேயே தரநிலை எழுதியவர்கள் இந்த நேரங்களைக் கணக்குப் போட்டு எழுதி, 64 பிட் எண்ணிகளையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். முழுப் பலகை. ஆயிரம் மெகாபிட் லைனில் அது ஒரு சுற்று சுற்ற 4,600 ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த ஸ்விட்சிலும் அது இருந்தது. அதைக் கேட்க, ஸ்விட்சோடு பேசும் மொழியான எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பில் பேச வேண்டும், முதல் பதிப்பால் 64 பிட் எண்ணைச் சுமக்க முடியாது. நான் 2014-ல் முதல் பதிப்பில் பேசவைத்திருந்தேன்.

அன்று இரவே மாற்றினேன். மாற்றிய பத்தாவது நிமிடம் படம் தரையில் விழுந்தது. 54 போய் பூஜ்யம்.

டேட்டாபேஸைத் திறந்தேன். புதிதாக விழுந்த வரிகள் எல்லாவற்றிலும் ஒரே எண்: 4294967295. பத்து மணிக்கும் அதே, பத்தே காலுக்கும் அதே. ஆறு வருடத்துக்கு முன்னால் டேபிளை உருவாக்கியபோது, எண்ணி 32 பிட், அதனால் கட்டமும் 32 பிட் என்று அளவெடுத்துத் தைத்திருந்தேன். மைனஸ் வராது என்று குறியில்லாத எண்ணாகவும் வைத்தேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தியதில் அன்றைக்கு எனக்குத் திருப்திகூட இருந்தது. இப்போது முழுப் பலகை அரிசி வந்ததும், டேட்டாபேஸாக இருந்த பழைய மைஎஸ்கியூஎல் தன் கட்டத்தில் கொள்ளக்கூடிய மிகப்பெரிய எண்ணை எழுதிவிட்டு, மீதியை விட்டுவிட்டு, ஓர் எச்சரிக்கையை மட்டும் உள்ளே குறித்து வைத்துக்கொண்டது. அந்த எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை. ஒரே எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் பூஜ்யம்தானே வரும்.

மொரப்பூர்க்காரர்களுக்கு இந்த அகலப் பிரச்சினை புதிதில்லை. 1906-ல் இங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. பஞ்ச காலத்துக்கு உதவும் என்று போட்ட பாதை. பிறகு ஓசூர் வரை நீண்டது. தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடிதான். சென்னை – சேலம் பெரிய லைனோ ஐந்தரை அடி. பெரிய வண்டியில் வந்த மூட்டையை இங்கே இறக்கி, சின்ன வண்டியில் ஏற்றினால்தான் தர்மபுரி போகும். 1941-ல் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். மறுபடியும் தர்மபுரிக்கு 36 கிலோமீட்டர் அகலப் பாதை போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அன்று இரவு எனக்கு அந்தச் சின்ன ரயில்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஏற முடியாத மூட்டை பிளாட்பாரத்தில் கிடக்கும். வழியில் போகிறவர்கூடப் பார்த்து, இதை விட்டுவிட்டார்கள் என்று சொல்லலாம். என் டேபிளில் ஏறாத மூட்டை எங்கேயும் கிடக்கவில்லை.

அதனால்தான் கொள்ளாத எண் வந்தால் வாங்க மாட்டேன் என்று சண்டை போடுகிற டேட்டாபேஸை நான் இப்போது விரும்புகிறேன். போஸ்ட்கிரெஸ் அப்படித்தான். எல்லையைத் தாண்டினால் பிழை என்று சொல்லி வேலையை நிறுத்திவிடும். மைஎஸ்கியூஎல்லும் 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பான முறையையே இயல்பாக வைத்துக்கொண்டது. நான் அதற்கு முந்தைய பதிப்பை அப்படியே ஓடவிட்டிருந்தேன். நின்றுபோன நிரலை ஒரு மணி நேரத்தில் யாராவது கவனித்துவிடுவார்கள். தப்பான எண்ணைத் தடங்கலில்லாமல் எழுதிக்கொண்டே போகிற நிரலை வருடக்கணக்கில் எல்லோரும் நம்புவார்கள்.

இப்படி நிரம்பிவிடும் எண்ணி விமானத்திலும் இருந்தது. 2015-ல் அமெரிக்க விமானத் துறை போயிங் 787 பற்றி ஓர் உத்தரவு போட்டது. மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை நிறுத்தாமல் 248 நாள் ஓட்டினால், உள்ளே இருக்கும் ஒரு எண்ணி நிரம்பி மின்சாரமே போய்விடலாம் என்று. ஏர் இந்தியாவிடமும் இருக்கும் விமானம்தான் அது. அது உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே உலகம் கவனித்தது. ஒரு சின்ன ஊரின் வரைபடத்தில் 970-க்குப் பதிலாக 54 என்று வந்தால் எந்த மணியும் அடிக்காது. 54 பார்ப்பதற்கு நியாயமான எண். மைனஸ் ஐந்து கோடி என்று வந்திருந்தால் கேபிள்காரரே எனக்கு போன் செய்திருப்பார்.

அப்படி ஒரு நியாயமான பொய் எதிரில் இருக்கும்போது, தையல் கடை அக்காவின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கிறது? அவரிடம் இருந்தது மகளின் முகம் சுருங்கியதும், நின்றுபோன ஆசிரியரின் படமும்தான். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வரைந்த கோடு. நானும் போனில் கேட்டபோது ஒரு கணம் கோட்டைத்தான் நம்பினேன், அதை எழுதியவன் நான் என்பதாலேயே.

வீட்டு வாரியான டேட்டா கணக்கையும் அதே வாரம் பார்த்தோம். ரேடியஸ் என்ற முறையில் ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு பைட் பயன்படுத்தியது என்பது 32 பிட் எண்ணாகத்தான் வரும். 4 ஜிபி ஆனால் சுற்றிவிடும். எத்தனை முறை சுற்றியது என்பதைத் தனியாக இன்னொரு எண்ணில் அனுப்ப 2000-லேயே வழி செய்திருக்கிறார்கள். கிகாவேர்ட்ஸ் என்று பெயர். கட்டத்தை அகலமாக வைத்துவிட்டு இந்த இரண்டாவது எண்ணைச் சேர்க்க மறந்தால், ஒரே இணைப்பில் 5 ஜிபி பார்த்தவர் 1 ஜிபி பார்த்ததாகப் பதிவாகும். இப்போது பல ஃபைபர் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்று எல்லை போடுகிறார்கள். பாதிப் பலகை 825 முறை சுற்ற வேண்டிய அளவு. நல்லவேளை, இங்கே அது சேர்க்கப்பட்டிருந்தது. அது நான் எழுதாத பகுதி.

2014-ல் நான் ஏன் அகலமான கட்டத்தை வைக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு வரிக்கு நான்கு பைட்டுக்குப் பதில் எட்டு பைட், வித்தியாசம் அவ்வளவுதான். பணம் காரணமில்லை. அன்றைக்கு ஊர் முழுக்கச் சேர்ந்து நாற்பது மெகாபிட் தாண்டாது. மொரப்பூருக்கு இது எந்தக் காலத்துக்கும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டே வருடத்தில் ஜியோ வந்தது, டேட்டா விலை சரிந்தது, எல்லாக் கையிலும் வீடியோ ஓடியது. பிறகு கொரோனா. சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு இதே டேபிளை எழுதியிருந்தால் எட்டு பைட் வைத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். என் ஊருக்கு நான்கு போதும் என்று நினைத்தவன், இந்த ஊரில் பிறந்த நான்தான்.

கட்டத்தை 64 பிட்டாக மாற்றி முடிக்க விடிந்துவிட்டது. காலை பத்து மணிக்குக் கோடு எழுந்து 960-க்கு மேல் போய் நின்றது. கேபிள்காரர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பத்து நாளில் இன்னொரு லைன் வாங்கிவிட்டார். 2014 முதல் அந்த இரவு வரைக்கும் இருந்த வரிகளை நான் அழிக்கவில்லை. அவற்றில் பழைய வருடங்களுடையது உண்மைதான். எந்த மாதத்தில் ஊர் 114-ஐத் தாண்டியது, எந்த நாளிலிருந்து படம் பொய் சொல்லத் தொடங்கியது என்பதை அந்த வரிகளிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. தொலைந்த சுற்றுகள் எங்கேயும் எழுதப்படவில்லை.

அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வரைபடம் நான் செய்தது என்பதையும் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்ப ரவுட்டர் கெட்டுப் போகலையா?" என்று மட்டும் கேட்டார். 1,800 ரூபாயைக் கேபிள்காரர் அடுத்தடுத்த மாதச் சந்தாக்களில் கழித்துக்கொடுத்தார். பரணில் போட்டிருந்த பழைய ரவுட்டரைத் துடைத்து நான்கு வீடு தள்ளி டியூஷன் எடுக்கிற பெண்ணுக்கு அக்கா கொடுத்துவிட்டார். இன்னமும் அந்த வீட்டு ஜன்னலோரத்தில் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது.