பரிசுக்காக மாட்டின் வயிற்றை நிரப்பலாமா?

கால்நடைக் காட்சி நடைபெறும் மைதானத்துக்கு விடியற்காலையிற் செல்வோர் ஒரு வழக்கத்தைக் கண்டிருப்பர். முதல்நாள் மாலை தொடக்கம் தண்ணீர் காட்டாது நிறுத்தி வைத்த பசுவின் முன், மத்தியஸ்தர் வருவதற்குச் சற்று முன்பாக, தவிடும் அரைத்த தானியமும் பிண்ணாக்கும் உப்பிட்டுக் கரைத்த தொட்டி வைக்கப்படும். பசியும் தாகமும் கொண்ட பசு அதனை ஒரே மூச்சிற் குடித்து முடிக்கும். வயிறு உருண்டு, மாடு பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும். இதனையே பலர் காட்சிக்கு ஆயத்தஞ் செய்தல் என எண்ணுகின்றனர். எமது கருத்தில் இஃது ஆயத்தமன்று. மாட்டின் உயிரைப் பணயம் வைத்தலாகும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காட்சியில் யாம் கண்ட சம்பவம் இக்கருத்தை உறுதிப்படுத்திற்று. முதற்கன்று ஈன்ற ஜேர்சிக் கலப்புப் பசுவொன்று, இவ்வாறு தீனி பெற்றுச் சிறிது நேரத்தில் இடப்பக்கம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. வைத்தியர் வந்து சேருமுன் அது விழுந்து இறந்தது. அப்பசுவின் பாலே அக்குடும்பத்தின் நாளாந்த வருமானம். சொந்தக்காரர் கவலையீனமானவர் அல்லர். பிறர் செய்வதைக் கண்டு தாமும் செய்தவரேயாவர். ஆகையாற் குற்றம் அவர் ஒருவருடையதன்று. வழக்கமே மாற வேண்டும்.

வயிறூதல் ஏன் உண்டாகின்றது என்பதை அறிந்தோர் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளார். மாட்டின் முதலிரைப்பை, நுண்ணுயிர்கள் தீனியைப் புளிக்கச் செய்யும் ஒரு பெரிய தாழி போன்றது. நன்கு தீனி உண்ட வளர்ந்த மாட்டில் மணிக்கு 30 முதல் 50 லீற்றர் வரை வாயு உண்டாகலாம். மாடு ஏப்பம் விட்டு இதனை வெளியேற்றுகின்றது. தூளாக அரைத்த தானியத்தையோ இளம் அவரையினக் கொடிகளையோ மிகுதியாக உண்டால், இரைப்பையில் உள்ளவை நுரையாகின்றன. வாயு நுரைக்குள் அகப்பட்டு ஏப்பமாக வெளிவர இயலாது போகின்றது. மாங்கொட்டை போன்ற பொருள் களத்தை அடைப்பதாலும், காலைக் கட்டி மாட்டைப் பக்கவாட்டிற் கிடத்துவதாலும் ஏப்பம் தடைப்படும். விரிந்த இரைப்பை நுரையீரலை நெருக்க, மாடு மூச்சின்றி இறக்கின்றது. சில வேளைகளில் இதற்கு ஒரு மணி நேரமே போதும். பட்டிப்பொங்கலன்று அன்பின் மிகுதியாற் பசுவுக்குப் பொங்கற் சோற்றை அள்ளிக் கொடுப்பதும் ஆபத்தானதே. சோறு விரைவிற் புளித்து அமிலத்தை மிகுவிக்க, இரைப்பையின் அசைவு நின்றுவிடும். ஒரு பிடி சோறு சடங்குக்குப் போதும்.

“வயிறு ஒட்டிய மாட்டுக்கு யார் பரிசு கொடுப்பார்?” என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆழ்ந்த வயிறும் விரிந்த விலாவும் ஓர் இரவில் உண்டாவன அல்ல. கன்றுப் பருவம் முதல் நல்ல புல்லும் வைக்கோலும் உண்டு வளர்ந்த மாட்டிலேயே அவை அமையும். காட்சியன்று காலை வழக்கமான புல்லையும் வைக்கோலையும் வேண்டிய அளவு கொடுத்து, தடையின்றித் தண்ணீரும் காட்டினால், அத்தகைய மாட்டின் விலாப்புறம் தானே நிறைந்து நிற்கும். அதற்கு மேல் நிரப்புவது மாட்டின் தரத்தைக் காட்டுவதாகாது, தரக்குறைவை மறைப்பதேயாகும்.

ஆகையால் காட்சிக்கு மாடு கொண்டு செல்வோர் பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். தானியத் தீனியைக் கூட்ட விரும்பின், இரண்டு மூன்று வாரங்களிற் படிப்படியாகக் கூட்டுக. காட்சி நெருங்கிய நாட்களிற் புதிய தீனி எதையும் தொடங்கற்க. பசித்த மாட்டுக்கு முதலில் வைக்கோலோ முற்றிய புல்லோ கொடுத்து, அதன் பின்னரே தவிடு, பிண்ணாக்கு முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளிற் கொடுக்க. தானியத்தை மாவாக அரையாது, ஒன்றிரண்டாக உடைத்துக் கொடுப்பது நன்று. வீட்டில் உண்ணும் புல்லையும் வைக்கோலையுமே காட்சி மைதானத்துக்கும் எடுத்துச் செல்க. அங்கு முன்னங்கால்கள் சற்று உயர்ந்த நிலத்தில் நிற்குமாறு கட்டுக. பார்வையாளர் கொடுக்கும் பழம், சோறு, பாண் ஆகியவற்றைத் தடுத்துவிடுக.

இவ்வளவு கவனத்தின் பின்னரும் நோய் வரக்கூடும். இடப்பக்கத்தில் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே உள்ள பள்ளம் நிரம்பிப் புடைத்தல், தட்டினால் மேளம் போன்ற ஒலி எழுதல், அசைபோடாமை, வயிற்றைக் காலால் உதைத்தல், அடிக்கடி எழுந்து படுத்தல் என்பன அறிகுறிகளாம். இவற்றைக் கண்டவுடன் தீனியை நிறுத்தி, கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க. மாட்டைப் படுக்கவிடாது, முன்பாகம் உயர்ந்திருக்க நிறுத்துக. மழுமழுப்பான ஒரு தடியை வாய்க்குக் குறுக்கே வைத்து, கயிற்றாற் கொம்பின் பின்னாற் கட்டினால், மாடு அதனை மென்று உமிழ்நீர் சுரக்கும். வாயுவும் வெளிவர வழியுண்டாகும். நுரையை அடக்க, வளர்ந்த மாட்டுக்கு 250 முதல் 500 மில்லிலீற்றர் வரை தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ கொடுக்கலாம். கொடுக்கும்போது தலையை முதுகு மட்டத்துக்கு மேல் உயர்த்தலும் நாக்கை இழுத்தலும் ஆகா. கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாக ஊற்றுக. இருமினால் உடனே நிறுத்துக. எண்ணெய் நுரையீரலிற் சென்றால் மாடு அதனாலேயே இறக்கும். மூச்சுத் திணறும் மாட்டுக்கும் விழுந்துவிட்ட மாட்டுக்கும் வாய்வழி எதனையும் ஊற்றற்க. மண்ணெண்ணெய் எக்காலத்தும் கூடாது. விலாப்பள்ளத்திற் கத்தியாற் குத்துவதைப் பலர் கைமருந்தாகக் கருதுகின்றனர். நுரை நிறைந்த வயிற்றில் அதனாற் பயன் குறைவு. தப்பிய மாடும் பின்னர் வயிற்றறை அழற்சியால் இறக்கக்கூடும். குழாயிட்டு வாயுவை அகற்றுதலும் குத்தித் திறத்தலும் வைத்தியரின் வேலையாகும்.

மாட்டுச் சொந்தக்காரருக்கு மாத்திரம் புத்தி கூறி அமைவது நீதியன்று. நிரப்பிய வயிற்றுக்குப் பரிசு கிடைக்கும் வரை அதனை நிரப்புவோர் இருந்தே தீருவர். ஆகையாற் காட்சி நடத்துவோரிடத்தும் மத்தியஸ்தர்களிடத்தும் எமக்கு மூன்று வேண்டுகோள்கள் உள. இடப்பள்ளம் புடைத்து நிற்கும் மாட்டைப் போட்டியினின்று விலக்கி, வைத்தியரிடம் அனுப்புக. கால், முதுகு, விலா, மடி ஆகியவற்றுக்கே புள்ளி வழங்குவதாகவும் வயிற்று நிறைவுக்குப் புள்ளி இல்லை எனவும் முன்கூட்டியே யாவரும் அறிய அறிவிக்க. மாடுகள் வந்து சேரும் நேரம் முதல் திரும்பிச் செல்லும் வரை கால்நடை வைத்தியர் ஒருவர் மைதானத்தில் இருக்க ஒழுங்கு செய்க. இம்மூன்றுக்கும் பெரும் பணம் வேண்டியதில்லை.

காட்சியின் நோக்கம் நல்ல மாட்டை வளர்த்தவரைக் கௌரவித்து, அவரைப் பார்த்து மற்றவரும் கற்கச் செய்தலாகும். வருடம் முழுவதும் ஒழுங்காகத் தீனியிட்டவரின் உழைப்பை ஓரிரவுத் தொட்டி வென்றுவிடுமாயின், அங்கு கற்பதற்கு ஒன்றுமில்லை. பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும் காட்சிக்குச் சென்ற பசு அன்று மாலை தன் தொழுவத்துக்குத் திரும்ப வேண்டும். மறுநாட் காலையில் அதன் கன்று பாலுக்குக் காத்திருக்கும்.