அறைக்குள் அங்கீட்டி வேண்டாம்

டில்லியின் மார்கழி, தை மாதக் குளிர் நம் ஊரில் நாம் அறியாதது. ஒற்றை அறையில் குடியிருப்போர் இரவில் அங்கீட்டியில் கரி மூட்டி, கதவையும் ஜன்னலையும் அடைத்து உறங்கிவிடுவதுண்டு. புகை அடங்கிவிட்டதால் இனிப் பயமில்லை என்று எண்ணாதிருங்கள். புகையின்றிக் கனலும் கரியும் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதனைப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் விழிக்காமலே மூச்சடங்கக் கூடும்.

மலையூர்களில் வீட்டினுள் வைக்கும் புகாரி அடுப்புக்குப் புகைக்குழாய் உண்டு. அது நச்சுக்காற்றை வெளியே கொண்டுசெல்லும். அங்கீட்டிக்கோ அது இல்லை. ஆகவே அதனைத் திறந்த முற்றத்திலோ மொட்டைமாடியிலோ மாத்திரம் மூட்டுங்கள். அறைக்குள் வைத்து ஜன்னலைச் சற்றே திறப்பது போதாது. குளிர்காய்ந்தபின் நீரூற்றி முற்றிலும் அணையுங்கள். அணைந்ததுபோல் தோன்றும் கரியையும் உள்ளே கொண்டுவராதிருங்கள்.

வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி, குமட்டல், மயக்கம் கண்டால், உடனே அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 112-ஐ அழையுங்கள்.

பிள்ளைகளுக்கு ரஜாய் ஒன்றைக் கூடுதலாகப் போர்த்துங்கள். உறங்கும் அறையில் நெருப்பு வேண்டாம்.