பரணில் ஏறும் பிடில்

பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியதும் குழந்தையின் பிடிலைப் பரணில் ஏற்றிவிடும் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். இவ்வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். வீணையில் 24 மெட்டுகள் உண்டு. ஸ்வரஸ்தானங்களை அவை காட்டிக்கொடுக்கும். பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786-1859) மேல்நாட்டாரிடமிருந்து கற்று நமதாக்கித் தந்த பிடிலிலோ மெட்டே கிடையாது. நான்கு தந்திகளின்மீது விரல் விழவேண்டிய இடத்தைச் செவி ஒன்றே சொல்லவேண்டும். மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசையை மாதக்கணக்கில் ஸாதகம் செய்து பெற்ற அந்த ஞானம், ஓராண்டு வில்லைத் தொடாதிருந்தால் என்னாகும்? மீண்டும் முதலிலிருந்து தொடங்கக் குழந்தைக்கு மனம் வருமா? தினம் அரைமணி நேரம் வாசிப்பதாலா பரீட்சை தவறிவிடப் போகிறது?

ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணுவோர்க்கும் ஒன்று கூறுவோம். சுருதிப் பெட்டியை இயக்கிவிட்டுச் சற்று நேரம் அருகில் அமர்ந்து கேட்பதற்கு ஸங்கீத ஞானம் வேண்டுவதில்லை. ஆரம்பத்தில் வில் கீச்சிடத்தான் செய்யும். அதற்கு வீட்டார் நகைப்பது பெருந்தீங்கு. சிறு கைக்கு முழு அளவுப் பிடிலும் ஆகாது. அரை, முக்கால் அளவுகளில் கிடைக்கின்றன. வரிசைகள் முடியுமுன்னரே, வந்த விருந்தினர் முன் ஒரு கீர்த்தனம் வாசித்துக் காட்டும்படி நச்சரிப்பதையும் பெற்றோர் அடியோடு விட்டொழிப்பார்களாக.