ஏட்டைப் பூட்டினர், பின்னர் கதவையும் பூட்டினர்!



நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிரவுன்ஸ்வில் என்றோர் ஏழையர் குடியிருப்பு. 1916 அக்டோபர் 16. சிறியதோர் அறையின் வாயிலில் பெண்கள் வரிசையாக நின்றனர். எதற்கு? ரொட்டிக்கா? துணிக்கா? அல்ல! பத்து சென்ட் கட்டணம் செலுத்தி, அடுத்த மகவு எப்போது என்பதைத் தாமே முடிவு செய்யும் வழியறிய நின்றனர். மார்கரெட் சாங்கர் எனும் செவிலியர் திறந்துவைத்த, அந்நாட்டின் முதல் கருத்தடை நிலையம் அது. இரு வாரம் நிறையுமுன் போலீசார் புகுந்தனர், நிலையம் மூடப்பட்டது. 1917இல் அம்மையாருக்கு முப்பது நாள் சிறை!

அவருடைய கருத்தனைத்தும் நமக்கு உடன்பாடு அல்ல. மக்களைத் 'தக்கவர், தகாதவர்' எனத் தரம்பிரித்தோருடன் அவர் கைகோத்தது மாசுதான், மறைப்பானேன்? ஆயினும், அன்று அவர் செய்த குற்றம் யாது? அறிவை வழங்கியது! நியூயார்க் மாநிலச் சட்டம் அதனைத் தடுத்தது. 1873இல் பிறந்த காம்ஸ்டாக் சட்டமோ, கருத்தடை பற்றிய குறிப்பைத் தபாலில் அனுப்புவதையே நாடு முழுவதும் ஆபாசக் குற்றமாக்கி வைத்திருந்தது.

காலம் நகர்ந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கருத்தடைச் சாதனம் பயன்படுத்தும் உரிமையை மணமானோர்க்கு 1965இலும், மணமாகாதார்க்கு 1972இலும், கருக்கலைப்பு உரிமையை 1973இலும் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஏற்றது. தோற்றவர்கள் ஓய்ந்தனரா? இல்லை! நீதிமன்றத்தில் இழந்ததைப் பள்ளிக்கூடத்தில் மீட்கப் புறப்பட்டனர்.

1996இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு ஐந்து கோடி டாலர் ஒதுக்கினர். எதற்காக? மணமாகும்வரை உடலுறவை விலக்கி வாழ்வதே நெறி என்று மட்டும் இளைஞர்க்குப் போதிக்க! அப்பணத்தில் நடந்த வகுப்பில், கருத்தடையைப் பரிந்துரைத்துப் பேச இடமிருக்கவில்லை. 2004இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், இத்தகைய பாடத்திட்டங்கள் 13ஐ ஆராயச் செய்தார். 11இல் பொய்யோ, திரித்துக் கூறலோ இருந்தது. ஒழுக்கம் கற்பிக்க வந்த ஏட்டிலே பொய்!

பயனாவது விளைந்ததா? அரசே ஏற்பாடு செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இளைஞர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்தனர். அப்பாடம் கேட்டோர்க்கும் கேளாதோர்க்கும் விலகி வாழ்வதில் வேற்றுமையே இல்லை!

'அடக்கம் கற்பிப்பது தவறா?' என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். தவறன்று. 'பொறுத்திரு' என்பது நல்லுரை. 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவும் கல்வியே. ஆனால் அதை மட்டுமே சொல்லி மற்றதை மறைப்பது கல்வியாகாது. ஆற்றில் இறங்காதே என எச்சரிக்கலாம். நீந்தக் கற்பவனைத் தடுக்கலாமா?

இனிக் கேளுங்கள், கதையின் கொடிய பகுதியை. 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று உச்சநீதிமன்றமே தகர்த்தெறிந்தது. பல மாநிலங்கள் கருக்கலைப்புக்கு ஏறத்தாழ முழுத்தடை விதித்தன. அவ்வழக்கு எந்த மாநிலத்துச் சட்டத்தால் எழுந்தது? மிசிசிப்பி! உடலுறவு விலக்கலையே முதன்மையாக்கிய பாடத்தைப் பள்ளிகள் ஏற்கவேண்டும் என்று 2011இல் சட்டம் செய்த மாநிலம் எது? அதே மிசிசிப்பி! கருத்தடைச் சாதனத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று வகுப்பிலே செய்துகாட்டுவதையும் அச்சட்டம் தடுத்தது.

பார்த்தீரா பொருத்தத்தை! முதலில் ஏட்டைப் பூட்டினர்: அறியாதே என்றனர். பிறகு கதவைப் பூட்டினர்: அறியாமையின் விளைவைச் சுமந்தே தீர் என்றனர். போதனை இருபாலர்க்கும், சுமை ஒருபாலுக்கு! பாடம் கேட்ட பையன் நடந்து போய்விடுவான். பாடம் கேட்ட பெண்ணோ பத்து மாதம் சுமப்பாள், படிப்பை இழப்பாள், பழியையும் ஏற்பாள். இதற்குப் பெயர் ஒழுக்கமா? ஓரவஞ்சனை!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீரோ? நம் நாட்டு மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2009இல் பரிந்துரைத்தது என்ன? பள்ளியில் பாலியல் கல்வி கூடாது. மணத்துக்கு முந்திய உறவு ஒழுக்கக்கேடு என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க வேண்டும்! கடல் கடந்தும் குரல் ஒன்றே.

நமக்கோ வேறொரு குரல் வழிகாட்டுகிறது. நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காட்டிப் பிறர் கருத்தடையை ஆதரித்த நாளில், பெண் விடுதலை பெறவேண்டும், அதற்காகவே அது வேண்டும் என வாதிட்டவர் தந்தை பெரியார். புள்ளிவிவரம் மாறலாம், நீதிபதிகள் மாறலாம், அந்த அடிப்படை மாறாது. அவள் உடல் அவளுடையது!

ஆகவே தோழர்களே, கூட்டத்தில் மட்டும் இதைப் பேசி அமைதல் போதாது. உம் வீட்டில் மகளிருக்கும் மகனுக்கும் அஞ்சாது எடுத்துரையுங்கள். தீர்ப்பினால் வந்த உரிமை தீர்ப்பினாலேயே போகக்கூடும் என்பதை மிசிசிப்பி காட்டிவிட்டது. அறிவினால் வந்த உரிமையைப் பறிப்பது அத்துணை எளிதன்று.

ஏட்டைத் திறப்போம், கதவு திறக்கும்!