அம்மா கேட்ட ஒரு கேள்வி

எங்க காரைக்காலில் 2022 செப்டம்பரில் நடந்த மாணவன் சாவை வாசகியர் மறந்திருக்க மாட்டீர்கள். எட்டாம் வகுப்புப் பையன். பள்ளி ஆண்டு விழா ஒத்திகைக்குப் போய் வந்தவன் வாந்தி எடுத்தான். நாமெல்லாம் கேட்பதைத்தான் அந்தத் தாயும் கேட்டார்: என்னப்பா சாப்பிட்டே? வீட்டிலிருந்து வந்ததுன்னு சொல்லி வாட்ச்மேன் கொடுத்த குளிர்பானம் என்றான். அவரோ எதுவும் கொடுத்தனுப்பவே இல்லை!

துப்பு கிடைத்தது அங்கேதான். போலீசுக்கு முன்னாடி பெற்றவர்களே வாட்ச்மேனிடம் போய் நின்றார்கள். யாரோ ஒரு அம்மா கொடுத்ததாகச் சொன்னார். பள்ளி கேமரா பதிவைப் பார்த்தால், கூடப் படிக்கும் மாணவியின் தாய்! செப்டம்பர் 3 இரவு பையன் இறந்துவிட்டான். அந்தப் பெண் கைதானார். படிப்பில் போட்டி என்றது போலீஸ். அரசு மருத்துவமனையில் சரியாகப் பார்க்கவில்லை என்று உறவினர்கள் மறியல் செய்ய, புதுச்சேரி அரசு டாக்டர்கள் குழு போட்டு விசாரித்தது.

மார்க் போட்டியா, இப்படியுமா என்று ஊரே வாயைப் பிளந்தது. ஆனால் ரேங்க் கார்டு வந்ததும் "யாருடி ஃபர்ஸ்ட்?" என்று முதலில் கேட்பவள் நானும்தானே. ரெண்டு மார்க் குறைஞ்சதுக்கு ஒரு நாள் முழுக்க மகளிடம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

மகள் பள்ளி கேட்டில் மதியம் சாப்பாட்டுக் கூடைகள் வரிசையாக நிற்கும். யார் வைத்தது என்று நோட்டில் எழுதுவதில்லை. கேட்டதற்குச் சிரித்தார்கள். அதனால், "அம்மா கொடுத்தாங்க" என்று யார் நீட்டினாலும் வாங்காதே என்று அவளிடமே சொல்லி வைத்திருக்கிறேன். கூடையை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

- ஓர் இல்லத்தரசி, காரைக்கால்