என் கணக்கு சரியாகத்தான் இருந்தது

வருடாந்த மதிப்பீட்டில் 'தன்னம்பிக்கை குறைவு' என்று எழுதி என் பதவி உயர்வை நிறுத்தினீர்கள், சேர். அதோடு விடாமல் ஒரு நாள் பயிற்சிக்கும் அனுப்பினீர்கள். 'உங்களுக்கு இம்போஸ்டர் சின்ட்ரோம், தினமும் கண்ணாடி முன் நின்று உங்களை நீங்களே பாராட்டுங்கள்' என்றார் அங்கே வந்தவர். வயிறு எரிந்தது.

மாம்புரியில் விடியுமுன் பஸ் ஏறி, பாலாவி கடந்து, புத்தளத்துக்குப் போய்க் கணிதப் பிரிவு படித்தவள் நான். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாத தவணையில் பழைய வினாத்தாள்களோடு மல்லுக்கட்டினோம். அப்போதெல்லாம் என்மேல் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. கரைவலை இழுத்துவிட்டு வரும் வாப்பா "படி மகள்" என்பார். அது போதுமாக இருந்தது.

கொழும்பில்தான் அந்தச் சந்தேகத்தைக் கையில் தந்தார்கள். "புத்தளமா? அப்போ கோட்டாவா?" ஆம், கோட்டாதான்! பொறியியல் பீட இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் புத்தளமும் இருக்கிறது. எங்களைப் பின்தங்க வைத்தது யார்? எங்கள் பக்கத்து நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின்நிலையம் கட்ட முடிந்த நாட்டுக்கு, இந்தக் கரையோரப் பிள்ளைகளுக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியரை அனுப்ப முடியவில்லையே! கோட்டா என்னை வாசலில் விட்டது. உள்ளே நான்கு வருடமும் எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், ஒரே புள்ளித்திட்டம்.

1978இல் போலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள்தான் பயிற்சியில் சொன்ன இந்த இம்போஸ்டர் உணர்வைப் பற்றி முதலில் எழுதினார்கள். அதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. சாதித்த பெண்கள் பலரிடம் இந்த உணர்வைக் கண்டார்கள். குடும்பத்துக்கும், பெண்ணைப் பற்றிச் சமூகம் வைத்திருக்கும் எண்ணத்துக்கும் அதில் பங்குண்டு என்றும் எழுதினார்கள். பயிற்சியில் அந்தப் பகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நம் வரைபடத்தில் பீம் கணக்கு பிழை என்று அலுவலகக் கூட்டத்தில் முதலில் சொன்னவள் நான். என் ஆங்கிலம் தடுமாறியது, யாரோ சிரித்தார்கள், நீங்கள் அடுத்த விடயத்துக்குப் போனீர்கள். மறுநாள் இன்னொருவர் அதையே சரளமாகச் சொன்னபோது தோளில் தட்டிக்கொடுத்தீர்கள். திருத்திய வரைபடத்தில் அவர் பெயர். அன்றிரவு என் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் என் கை நடுங்கியது, சேர். என் கணக்கையே நான் நம்பாதபடி ஆக்கிவிட்டு, அதற்கு மருந்தும் நானே தேட வேண்டுமா?

அந்தக் கணக்கு திகதியோடு என் கணினியில் இருக்கிறது. மதிப்பீட்டுப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. 'தன்னம்பிக்கை குறைவு' என்ற வரியை அழியுங்கள். வரைபடத்தில் என் பெயரைப் போடுங்கள்.